உள்தள்ளலும் விழிப்புலனும்: செய்நிரல் வடிவ வரலாறு குறித்த ஒரு நோக்கு

எழுத்து கண்ணுக்கே உரியது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை. அந்நம்பிக்கையில் எவ்வளவு பங்கு எழுத்தின் இயல்பைச் சார்ந்தது, எவ்வளவு பங்கு பார்வையுடைய பெரும்பான்மையோரின் வழக்கத்தைச் சார்ந்தது என்ற வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களங்களுள் கணினிச் செய்நிரலாக்கமும் ஒன்று. செய்நிரலொன்றில் ஒரு கட்டளைத் தொகுதியினுள் இன்னொன்று அடங்கியிருப்பதைக் காட்டும் பொருட்டு, உள்ளடங்கும் வரிகளை இடது ஓரத்திலிருந்து சிறிது தள்ளி எழுதுவர். இதனையே உள்தள்ளல் என்கிறோம். பார்வையுடையவர் இவ்வெற்றிடத்தை ஒரே நோக்கில் உணர்ந்துகொள்கிறார். விழிப்புலனற்ற செய்நிரலாளருக்கோ வெற்றிடம் தானாகப் பேசுவதில்லை. ஆயினும் அவரும் அதே செய்நிரலை, அதே தொழிற்கூடத்தில், பார்வையுடைய சகபாடிகளோடு சேர்ந்தே ஆக்கவேண்டியுள்ளது.

இம்முரண்பாடு கணினியோடு தோன்றியதன்று. 1785 இல் பாரிசு நகரில் விழிப்புலனற்ற சிறாருக்கெனப் பள்ளி தொடங்கிய வலன்ரைன் ஹவி, உரோம எழுத்துக்களையே தாளிற் புடைக்கச் செய்து படிப்பித்தார். அவ்வெழுத்து ஆசிரியரின் கண்ணுக்கு இசைவானது. மாணவரின் விரலுக்கோ மிகவும் இடரானது. அதே பள்ளியின் மாணவரான லூயி பிறெயில் 1829 இல் வெளியிட்ட புள்ளிமுறை விரலின் இயல்பை அடியாகக் கொண்டது. அதனாலேயே அது பார்வையுடைய நிர்வாகிகளுக்கு அந்நியமாகப் பட்டது. 1840 களில் அப்பள்ளியிலேயே அம்முறை சிலகாலம் விலக்கப்பட்டிருந்தது. பிரான்சு அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854 இல். பிறெயில் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர். கற்பிப்போரின் வசதி கற்போரின் தேவையாகக் காட்டப்பட்ட இவ்வரலாற்றை மனங்கொண்டே மேற்செல்லவேண்டும்.

கணினியின் தொடக்க காலம் விழிப்புலனற்றோருக்கு முற்றிலும் பகையானதாக இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1957 இல் வெளிவந்த போட்றான் மொழியில் ஒவ்வொரு கட்டளையும் 80 நிரல்கள் கொண்ட துளையட்டையில் இடப்பட்டது. முதல் ஐந்து நிரல்கள் கட்டளை எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் 72 வரை கட்டளைக்கு என வகுக்கப்பட்டிருந்தது. இங்கும் இடம் பொருள் தரவே செய்தது. ஆனால் அவ்விடம் எண்ணிக் கணிக்கத்தக்க இடம். அட்டையின் துளையோ விரலுக்குத் தட்டுப்படும் பொருள். வரியச்சுப்பொறியில் முற்றுப்புள்ளிகளை மெத்தென்ற நாடாவொன்றின்மீது அழுந்த அச்சிட்டுப் பிறெயில் பெறும் உபாயமும் அக்காலத்திற் கையாளப்பட்டது. 1964 இல் தியடோர் ஸ்ரேர்லிங்கும் மூவரும் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் விழிப்புலனற்றோரின் கணினித் தொழில் பற்றிக் கட்டுரை எழுதினர். அதாவது, செய்நிரலாக்கம் என்னும் தொழில் உருவான காலத்திலேயே விழிப்புலனற்றோர் அதனுள் இருந்தனர். பின்னர் கருணையால் உள்ளே அழைக்கப்பட்டவர்கள் அல்லர்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று மொழியின் வடிவம், மற்றது கருவியின் வடிவம்.

அல்கோல் 60 மொழி, தொகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் சொற்களாற் குறித்தது. உள்தள்ளல் அங்கு வாசகரின் வசதிக்கானது மட்டுமே. நீக்கினாலும் பொருள் குன்றாது. 1972 அளவில் உருவான சி மொழி அச்சொற்களின் இடத்தில் நெளி அடைப்புக்குறிகளை வைத்தது. ஆனால் 1966 இலேயே பீற்றர் லண்டின், உள்தள்ளலே தொகுதியின் எல்லையை நிருணயிக்கும் விதியொன்றை முன்மொழிந்திருந்தார். அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது 1991 இல் குயிடோ வான் றொசம் வெளியிட்ட பைதன் மொழி. இங்கு வெற்றிடம் அழகன்று, இலக்கணம். ஓர் இடைவெளி பிழைத்தாற் செய்நிரல் இயங்காதொழியும். அல்லது, அதனினும் கொடிதாக, வேறு பொருளில் இயங்கும். அடைப்புக்குறி மொழிகளில் உள்தள்ளலை இயந்திரமே மீட்டுத் தரவல்லது. ஏனெனில் பொருள் வேறிடத்திற் குறிக்கப்பட்டுள்ளது. பைதனில் அவ்வாறு மீட்பதற்கு வேறு குறி எதுவுமில்லை. பார்வையுடையோர் பலர் பைதனை மிக எளிய மொழி என்பர். எளிமை யாருக்கு என்று நாம் வினவுவதில் தவறில்லை.

கருவியின் மாற்றம் இதற்கு இணையாக நிகழ்ந்தது. 1970 களில் அட்டையும் தாளும் மறைந்து கண்ணாடித்திரை வந்தது. துளை தட்டுப்பட்ட விரலுக்கு இப்போது வழவழப்பான கண்ணாடி மட்டுமே எஞ்சியது. 1971 இல் விற்பனைக்கு வந்த ஒப்ரக்கன் கருவி, 144 அதிரும் ஊசிகளால் எழுத்தின் உருவை விரலுக்கு உணர்த்தியது. அதில் வெற்றிடத்தையும் உணரலாம். ஆனால் ஒவ்வோர் எழுத்தாகவே நகரவேண்டும். அடுத்து வந்தது திரைவாசிப்பு மென்பொருள். ஐ. பி. எம். நிறுவனத்தின் திரைவாசிப்பான் 1986 இலும், வாகன விபத்தில் பார்வையிழந்த ரெட் ஹென்ரர் உருவாக்கிய ஜோஸ் 1989 இலும் வெளிவந்தன. இவை சொல்லை ஒலித்தன. ஆனால் ஓசைக்கு முன்னுள்ள மௌனம் நான்கு இடைவெளியா, எட்டா, பன்னிரண்டா என்று செவி எங்ஙனம் அறியும்?

இவ்விடத்திலேதான் விழிப்புலனற்ற செய்நிரலாளரின் தொழில் நுட்பங்கள் நம் கவனத்துக்குரியனவாகின்றன. சிலர் ஒவ்வொரு வரியின் முன்னும் இடைவெளி எண்ணிக்கையை ஒலிக்கச்செய்வர். சிலர் தொகுதி முடியுமிடத்தில் 'இங்கு இச்சுற்று முடிந்தது' என்னும் குறிப்புரை இட்டுக்கொள்வர். சிலர் உள்தள்ளலே இன்றி எழுதி முடித்து, சகபாடிகளிடம் கையளிக்குமுன் வடிவமைக்கும் மென்பொருளொன்றினூடாகச் செலுத்துவர். இக்கடைசி வழக்கம் சிந்திக்கத்தக்கது. தமக்குப் பயன்படாத ஒரு தோற்றத்தைப் பிறர் கண்ணுக்காக ஆக்கிக்கொடுக்கும் உழைப்பு இது. எந்தச் சம்பளப் பட்டியலிலும் பதியப்படாதது. ஆயினும் அதைச் செய்யத் தவறினால், செய்நிரல் பிழையின்றி இயங்கினாலும், ஒழுங்கற்றது என மதிப்பிடப்படும். ஒருவரின் திறமை அவர் காணாத ஓரத்தைக்கொண்டு அளக்கப்படுகிறது.

1995 இல் ரி. வி. இராமன் வெளியிட்ட எமாக்ஸ்பீக் இவ்வகையில் ஒரு திருப்பம். விழிப்புலனற்ற கணினி அறிஞரான இவர், திரையில் உள்ளதை அப்படியே ஒலியாக மாற்றுவதோடு அமையவில்லை. குறிப்புரைக்கு ஒரு குரல், கட்டளைச் சொல்லுக்கு இன்னொரு குரல் எனப் பிரித்தார்; உள்தள்ளலையும் செவிக்குப் புலனாக்கினார். அவ்வாறாகவே பின்வந்த திரைவாசிப்பான் ஒன்றில் உள்தள்ளல் கூடக்கூடச் சுருதி உயரும் ஏற்பாடு உண்டு. பழகிய செவி, செய்நிரலின் ஏற்ற இறக்கத்தை ஒரு சுரவரிசைபோற் பின்தொடரும். அமைப்பு என்பது கண்ணின் சொத்தன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

பிறெயில் காட்டியைப் பயன்படுத்துவோரின் சிக்கல் வேறு. 40 கலங்கள் கொண்ட காட்டியில், நான்கு இடைவெளி வீதம் நான்கு மட்டம் தள்ளப்பட்ட வரி 16 கலங்களை வெறுமையாகவே விழுங்கிவிடும். தத்தற் குறியாயின் மட்டத்துக்கு ஓர் எழுத்து போதும். அதன் அகலத்தை அவரவர் தம் கருவிக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். தத்தலா இடைவெளியா என்ற வாதத்தைச் செய்நிரலாளர் பலர் வேடிக்கையாகவே கொள்வர். காட்டியின் கணிசமான பகுதியை இழப்பவருக்கு அது வேடிக்கையன்று. எனினும் 2001 இல் எழுதப்பட்ட பைதனின் நடைக்கையேடு, மட்டத்துக்கு நான்கு இடைவெளி என்பதையே விதித்தது.

மாற்று முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. விழிப்புலனற்ற மாணவரை மனங்கொண்டு வளர்க்கப்பட்ட குவோறம் மொழி, 'முடிவு' என்னும் பொருளுடைய சொல்லால் தொகுதியை மூடுகிறது. 2009 இல் அறிவிக்கப்பட்ட கோ மொழி, வடிவமைப்பை மனிதரிடமிருந்து பறித்து இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அதன் வடிவமைப்பான் தத்தற் குறியையே இடுகிறது. இது விழிப்புலனற்றோருக்கெனச் செய்யப்பட்டதன்று. ஆயினும் அவர்களின் சுமையொன்றை இறக்கியது. மறுபுறத்தில், அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் சலிப்பைவிடப் பைதனே மேல் என்று கூறும் விழிப்புலனற்ற செய்நிரலாளரும் உளர். அவர்களை ஒரே குரலுடைய கூட்டமாகக் கருதுவது இன்னொரு வகைக் குருட்டுத்தனம்.

இவ்வரலாற்றின் விந்தையான பக்கம் 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்குகிறது. ஜோஸ் போன்ற மென்பொருள்கள் பல நூறு டொலர் விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. பார்வையுடையவர் விலையின்றிப் பெறும் திரையை விழிப்புலனற்றவர் மேலதிகப் பணம் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. இதனை ஏற்காத மைக்கேல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், என். வி. டி. ஏ. என்னும் திரைவாசிப்பானை இலவசமாக வழங்கும் நோக்குடன் எழுதத் தொடங்கினார். விழிப்புலனற்ற இன்னொருவரான ஜேம்ஸ் ரே விரைவில் இணைந்துகொண்டார். சுருதியால் உள்தள்ளலை உணர்த்தும் வாசிப்பானென மேலே குறித்தது இதனையே. அதனை எழுத அவர்கள் தெரிந்துகொண்ட மொழி, வெற்றிடத்தையே இலக்கணமாகக் கொண்ட பைதன். அத்திட்டத்திற் பங்குகொள்வோருக்கான விதிகளுள் ஒன்று, பைதனின் நடைக்கையேட்டுக்கு மாறாக, உள்தள்ளலுக்கு மட்டத்துக்கொரு தத்தற் குறியே இடவேண்டும் என்கிறது. பார்வையுடையோரும் அவ்விதிப்படியே எழுதுகின்றனர்.