மலையகத்தின் அரச காணியும் ஏழு பேர்ச் மனையும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ள நிலத்தின் பெரும்பகுதி இன்றும் அரசுக்கே உரியது என்பதும், அதில் பராமரிப்பின்றிக் காடு மண்டிய மலைகள் கிடக்கையிலும் அந்நிலத்தைத் தலைமுறைகளாகப் பண்படுத்தியோருக்கு ஒரு வீட்டு மனை எளிதில் கிடைப்பதில்லை என்பதும் 1840 முதல் தொடரும் ஒரே வரலாற்றின் விளைவுகளாகும்.

அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியவை, அதாவது பிரித்தானிய அரசுக்குச் சொந்தமானவை, எனக் கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் காடு வெட்டிச் சுழற்சி முறையில் பயிரிட்ட சேனை நிலங்களும், எழுத்தில் உறுதி இல்லாமையால், ஆளற்ற நிலமாகக் கணிக்கப்பட்டுக் கோப்பிப் பயிர்ச்செய்கையாளருக்கு விற்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் அதே மலைகளில் தேயிலை பரவ, தமிழகத்திலிருந்து கங்காணிகள் எனப்படும் ஆட்சேர்ப்பாளர் அழைத்துவந்த தொழிலாளர் லயன்கள் எனப்படும் வரிசை அறைகளில் குடியமர்த்தப்பட்டனர்.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டிருந்த தொழிலாளர் பலர், இவ்வாறு அரசு கையேற்ற நிலத்தின் பங்கீட்டிலிருந்து ஒதுக்கப்பட்டதோடு, சில தோட்டங்களிலிருந்து வெளியேற்றவும் பட்டனர். நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிரும் திட்டத்தை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் திரண்டோர்மீது பொலிஸார் சுட்டதில் அவர்களில் ஒருவரான சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். தம்மைத் தாங்கிய மண்ணில் தமக்கும் உரிமை உண்டென்று ஒரு சமூகம் எழுப்பிய குரலாகிய இந்நிகழ்வைத் தொழிற்சங்கப் பூசலாகச் சுருக்குவது பெரும் பிழையாகும்.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறி, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக உறுதிப்பட்டபோதும் நிலவுடைமை அரசிடமே தங்கியது. தாமதத்தின் வேர் இந்த இரட்டை நிலையிலேயே உள்ளது. மனை ஒன்றை ஒதுக்குவதற்குக் குத்தகைக் கம்பனி நிலத்தை விடுவிக்கவும், அதை உடைமையாகக் கொண்ட அரச நிறுவனம் இசையவும், மண்சரிவு அபாயமில்லை எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சான்றளிக்கவும், நில அளவை முடிந்து உறுதி எழுதப்படவும் வேண்டியிருக்கிறது. இவற்றுள் மண்சரிவுச் சோதனை மட்டும் தவிர்க்கவே கூடாதது என்பதை, 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்த சரிவு உணர்த்தியது.

அதற்கடுத்த ஆண்டு முதல் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வழங்குவது அரசின் கொள்கையாயிற்று; ஒரு ஏக்கரில் 160 பேர்ச் அடங்குவதால் இது ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும். 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென அதிகார சபையொன்றும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. எனினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே வாழ்கின்றன. பல்லாயிரம் ஏக்கரை ஒரே சட்டத்தால் கையேற்க முடிந்த அரசுக்கு ஏழு பேர்ச்சை விடுவிப்பது மட்டும் அரிதாவதற்கு நிலப் பற்றாக்குறை காரணமன்று. குத்தகைகள் 2045இல் முடிவடையவுள்ளன. கைவிடப்பட்ட மலைகளில் பாதுகாப்பான பகுதிகளை அளந்து உறுதியுடன் வழங்குவதை அரசு அதுவரை ஒத்திவைக்கலாகாது.