கொலாபாவின் காந்த ஊசி

துருவ ஒளி இன்றிரவு தெரியுமா என்று அறிய விரும்பும் நார்வேக்காரரும் கனடாக்காரரும் இப்போது கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து பார்க்கிறார்கள். சூரியக் காற்றின் வேகம், அது சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கே திரும்பியிருக்கிறதா என்ற விவரம், இவற்றோடு 0 முதல் 9 வரை ஓடும் 'கேபி' என்ற எண் ஆகியவை திரையில் வரும். கேபி 5-ஐத் தொட்டால் காந்தப்புயல், 9 உச்சம். இந்த எண்ணை 1949-இல் வகுத்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் யூலியஸ் பார்ட்டெல்ஸ். தரையிலுள்ள 13 காந்த ஆய்வகங்களில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, புவிக்காந்தம் எவ்வளவு அலைக்கழிந்தது என்று கணக்கெடுப்பதே கேபி. வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களைவிடக் காந்த ஊசியைக் குனிந்து பார்த்தவர்களுக்கே இந்தக் கண்காணிப்புக் கலை அதிகம் கடன்பட்டிருக்கிறது. அவர்களில் முக்கியமான சிலர், துருவ ஒளியைக் காணும் வாய்ப்பு மிக அரிதான நம் வெப்ப நாட்டில் இருந்தார்கள்.

தொடக்கம் வடக்கில்தான். 1741-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் செல்சியசும் ஹியோர்ட்டரும் துருவ ஒளி எழுந்தபோது திசைகாட்டி ஊசி துடிப்பதைக் கண்டார்கள். அதே நாளில் லண்டனில் ஜார்ஜ் கிரகாமின் ஊசியும் துடித்தது. ஒரே கலக்கம் இரண்டு ஊர்களில் தெரிந்தால், உலகம் முழுக்க ஊசிகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இயல்பாக எழும் எண்ணம். 1840-களில் பம்பாயின் கொலாபாவில் காந்தப் பதிவு தொடங்கியது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குப் பின்னர் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், 1850-களில் அகத்தியர் மலை உச்சியிலும் கருவிகளை ஏற்றி ஊசியைக் கவனிக்கச் செய்தார். மழையும் காட்டுவிலங்கும் சூழ்ந்த அந்த உச்சியில் எடுத்த அளவுகள் பின்னர் அச்சேறின. புவிக்காந்தம் தொலைதூர ஊர்களில் ஒரே சமயத்தில் ஏறி இறங்குவதையும், சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வருவதையும் சுட்டிக்காட்டியவர் புரூன்.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப் புள்ளிகளுக்கிடையே வெள்ளொளி வெடிப்பைக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் புயல் பூமியைத் தாக்கியது. கியூபா வரைக்கும் வானம் சிவந்தது. இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்தில் ஒளிப்படத்தாளில் தானாகப் பதியும் கருவி இருந்தும், ஊசியின் ஆட்டம் தாளின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது. பம்பாயில் அப்போது பட்டப்பகல். வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. கொலாபாவின் பணியாளர்கள் தொங்கும் காந்தச் சட்டத்தின் அசைவை அளவுகோலில் கண்ணால் படித்து ஏட்டில் குறித்தார்கள். வழக்கமாக மணிக்கொரு முறை எடுக்கும் அளவை, கலக்கம் மிகுந்த வேளையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்தார்கள். புவிக்காந்தத்தின் கிடைக்கூறு சுமார் 1600 நானோடெஸ்லா, அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு, சரிந்திருந்தது. 2003-இல் புரூஸ் சுருதானியும் இந்திய ஆய்வாளர்களும் இந்த ஏட்டை எடுத்து ஆராய்ந்த பிறகுதான் அந்தப் புயலின் வலிமைக்கு எண் கிடைத்தது. ஒரே ஊரின் ஒரு கூர்மையான சரிவை வைத்து உலகப் புயலை அளக்கலாமா என்று பின்னர் கேள்வி எழுந்தது. மணிநேரச் சராசரியாகக் கொண்டால் அளவு ஏறக்குறைய பாதியாகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் சராசரி எடுத்துப் பார்க்கவும் அந்தச் சில நிமிட அளவுகள் வேண்டுமே! வாதம் நடத்தவே அந்த ஏடுதான் இடம் கொடுக்கிறது.

செயற்கைக்கோள் காலத்தில் தரை ஊசி எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஏஸ் போன்ற விண்கலங்கள் சூரியக் காற்றை அளக்கின்றன. 2024 ஜனவரியில் நம் ஆதித்யா-எல்1 அங்கே போய்ச் சேர்ந்தது. தரை ஊசி நடந்ததைச் சொல்லும், விண்கலம் வரப்போவதைச் சொல்லும் என்பது உண்மை. ஆனால் விண்கலம் தரும் அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 2003 அக்டோபர் புயலில் துகள் தாக்குதலால் ஏஸின் சூரியக் காற்றுக் கருவியே தடுமாறியது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளியது, தரையின் காந்தமாற்றம் மின்கம்பிகளில் தூண்டிய மின்னோட்டம். அதை அளக்கும் இடம் தரைதான். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் புயல் எப்படியிருக்கும் என்று கேட்டால், ஏஸ் ஏவப்பட்ட 1997-க்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவை கொலாபாவினது போன்ற ஏடுகள்.

பதிவுகளின் தொடர்ச்சியை எப்படிக் காப்பது என்பதையும் கொலாபா நிலையமே காட்டியது. பம்பாயில் மின்சார டிராம் வரப்போவதால் ஊசி கெடும் என்று உணர்ந்து, ஆய்வகத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள். 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒருசேர அளவெடுத்து, பழைய வரிசையோடு புதியதை இசைத்தார்கள். கொடைக்கானலில் 1901 முதல் சூரியனைப் பார்த்துவரும் பணியும் இதே பொறுமையைச் சேர்ந்தது. 2024 மே மாதப் பெரும்புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பொளி தெரிந்தபோது படங்கள் உலகெங்கும் பரவின. அந்த ஆர்வத்தில் ஒரு பங்காவது தரை நிலையங்களுக்கும் பழைய ஏடுகளுக்கும் கிடைக்க வேண்டும். எஞ்சிய ஏடுகளை மின்பதிவாக்கிப் பொதுவில் வைப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் ஊசிகளை நிறுத்தாமல் இருப்பதும் அரசும் ஆய்வு நிறுவனங்களும் உடனே செய்யக்கூடியவை.