ஆமணக்குக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டிய மகரந்தம்

ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், கள்ளி, நெல்லி எல்லாம் ஒரே குடும்பம் என்றுதான் தாவரவியல் நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. இன்று நெல்லியும் கீழாநெல்லியும் தனிக் குடும்பம். இந்த மறுசீரமைப்பின் பெருமை முழுவதையும் டி.என்.ஏ. ஆய்வுக்கே கொடுப்பது வழக்கம். அது நியாயமன்று. மரபணுவைப் படிக்கும் வழி பிறப்பதற்கு முன்பே, இக்குடும்பத்தின் செயற்கையான பிரிவுகளைக் கலைத்து உண்மையான உறவுகளைக் காட்டியதில் மகரந்தத்தூளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1866இல் தாவரவியலாளர் முல்லர் இக்குடும்பத்தை விதையிலையின் அகலத்தை வைத்து இரண்டாக வகுத்தார். குறுகிய விதையிலை கொண்ட ஆஸ்திரேலியச் செடிகள் தனிப் பிரிவாயின. பார்வைக்கும் வாழிடத்துக்கும் பொருந்திய அந்த ஏற்பாடு மகரந்தத்தின் முன் நிற்கவில்லை. 1952இல் சுவீடனின் எர்ட்மன் பூக்கும் தாவரங்களின் மகரந்த அமைப்பைத் தொகுத்து நூலாக்கினார். 1962இல் நெதர்லாந்தின் புன்ட் ஆமணக்குக் குடும்பத்துக்கென்றே விரிவான ஆய்வை வெளியிட்டார். 1965இல் கோலர், சூலகத்தின் அறைக்கு இரண்டு சூல்கள் உடைய இனங்களின் மகரந்தத்தை ஆராய்ந்தார். அந்த ஆஸ்திரேலியச் செடிகளில் சிலவற்றின் தூளில் முட்கள் இருந்தன. வேறு சிலவற்றில், காட்டாமணக்கிலும் மரவள்ளியிலும் உள்ளதுபோல, முக்கோண மேடுகள் வளையம் வளையமாக அமைந்திருந்தன. இதற்குக் குரோட்டன் ஒழுங்கு என்று பெயர். ஒன்றாகக் கட்டிவைத்த செடிகள் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று. 1975இல் தாவரவியலாளர் வெப்ஸ்டர் குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பங்களாக வகுத்தபோது அந்த ஆஸ்திரேலியப் பிரிவைக் கலைத்தே விட்டார்.

மகரந்தம் உறவைக் காட்டும் என்பதற்கு வலுவான மறுப்பு உண்டு. குரோட்டன் ஒழுங்கு தைமிலேசியே குடும்பத்திலும் காணப்படுகிறது. அதை நம்பி இரண்டு குடும்பங்களையும் உறவாக்கியவர்களை டி.என்.ஏ. மறுத்தது, தைமிலேசியே பருத்தியின் வரிசையைச் சேர்ந்தது. ரப்பரோ, மரவள்ளியின் துணைக்குடும்பத்தில் இருந்தும் அந்த ஒழுங்கைப் பெறவில்லை. ஆகவே ஒரே வடிவம் தனித்தனியே இருமுறை தோன்றலாம், உறவுக்குள்ளும் மாறலாம் என்பது மெய்தான். ஆனால் இந்தக் குறை மகரந்தத்துக்கு மட்டும் உரியதன்று. விதையிலைக்கும் அதுவே நேர்ந்தது. பிழை ஒரே பண்பை நம்பியதில்தான் இருந்தது. வெப்ஸ்டர் மகரந்தத்தைச் சூல்களின் எண்ணிக்கையோடும் செடியின் பாலோடும் சேர்த்துப் பார்த்தார். அறைக்கு இரண்டு சூல்கள் உள்ளவற்றில் முள் மகரந்தம் கொண்டவை அவருக்குத் தனித் துணைக்குடும்பம். நெல்லியின் கூட்டம் மற்றொன்று. 2003இல் டி.என்.ஏ.வை அடிப்படையாகக் கொண்ட ஏ.பி.ஜி. வகைப்பாடு இவ்விரண்டையும் தனித்தனிக் குடும்பங்களாகவே ஏற்றது.

மகரந்தத்தைத் தனித்த நீதிபதியாக்கியபோது தீர்ப்பு தவறியது. மற்றச் சான்றுகளோடு சாட்சியாக நிறுத்தியபோது அதன் வாக்குமூலத்தை மரபணுவும் பெரும்பாலும் உறுதிசெய்தது. நுண்ணோக்கியின் முன் குனிந்து உழைத்த அந்தத் தலைமுறைக்கு வகைப்பாட்டு வரலாற்றில் உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும்.