பெரிய அந்தமானிய மொழிகளில் மருந்துச் சொற்கள்: பதிவும் பெயர்ப்பும்

1. ஒரு சமூகத்தின் மூலிகை அறிவு அதன் மொழியிலேயே பெரிதும் பொதிந்துள்ளது. செடியின் பெயரைப் பெயர்த்தெழுதிய அளவில் அவ்வறிவு பிறமொழிக்கு வந்துசேருமா என்னும் வினாவை, பெரிய அந்தமானிய மொழிகளின் பதிவு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆங்கிலேயர் 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1877இல் பரவிய தட்டம்மை பழங்குடியினருள் பலரை மாய்த்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1961இல் 19 பேராகக் குறைந்தனர். மக்கள் அருகிவந்த இக்காலப் பகுதியிலேயே அவர்தம் மருத்துவம் ஏட்டில் ஏறிற்று. அந்தமானில் அலுவலராகப் பணியாற்றிய இ.எச். மேன் தெற்கு அந்தமானின் அக்கா-பேயா மொழிக்கு அகராதி தொகுத்தார். 1906-08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌன், 1922இல் வெளியிட்ட தம் நூலில் நோய் தீர்க்கும் முறைகளை விவரித்தார்.

இப்பதிவுகளில் காய்ச்சலுக்குரியதாகக் 'குக்மா' என்னும் செடி குறிக்கப்படுகிறது. தாவரவியலார் இதனை ட்ரைகோனோஸ்டெமான் லாங்கிஃபோலியஸ் என்பர். இதன் இலைகளைக் கசக்கி உடலில் தேய்த்தனர். அதன் மணத்தை நுகர்ந்தனர். கொழுப்பில் குழைத்த செங்காவியையும் நோயுற்றோர்க்குப் பூசினர். காட்டிலும் கடலிலும் உறையும் ஆவிகளே நோய்க்குக் காரணம் என்பது அவர்தம் நம்பிக்கை. எனவே, மணமும் பூச்சும் நோய் நீக்குவனவாக மட்டுமன்றிக் காப்பாகவும் கருதப்பட்டன.

3. 'குக்மா' என்பதை 'மூலிகை மருந்து' எனத் தமிழில் பெயர்த்தால், சித்த மருத்துவ மரபில் பழகிய வாசகர் குடிநீரையும் சூரணத்தையுமே எண்ணுவர். இலத்தீன் பெயரோ செடியை இனங்காட்டும், செயலைக் காட்டாது.

இலக்கணமும் இங்குக் கருதத்தக்கது. அக்கா-பேயாவில் 'பேரிங்கா' என்பது நன்மை குறிக்கும் சொல். கையைச் சுட்டும் 'ஊன்-' முன்னொட்டுடன் அது கைத்திறனையும், கண்ணைச் சுட்டும் 'இக்-' உடன் கூரிய பார்வையையும், வாயைச் சுட்டும் 'அக்கா-' உடன் மொழித்திறனையும் உணர்த்தும். பெரிய அந்தமானிய மொழியின் இலக்கணம் உடலை ஏழு பகுதிகளாக வகுத்துக் காண்கிறது என அன்விதா அப்பி நிறுவியுள்ளார். உடலை இவ்வாறு பகுத்துப் பேசும் மொழியில் நோயாளி கூறியதை 'உடல்நலமில்லை' என்று பொதுமையாகப் பெயர்ப்பது அப்பகுப்பை அழித்துவிடும்.

4. 'போ' மொழியின் இறுதிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். 'சாரே' மொழியின் இறுதிப் பேச்சாளர் லீச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். அப்பியின் அகராதி 2012இல் வெளிவந்ததால் பல சொற்கள் எஞ்சின. ஆயினும், ஒரு சொல்லின் பொருளில் ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய அம்மொழிகளில் இனி எவருமில்லை.

ஓங்கே மொழியும் நிக்கோபாரிய மொழிகளும் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றின் மருந்துச் சொற்களைப் பேசுவோரின் இசைவுடன் தொகுப்போர், செடி, செய்முறை, உடலிடம், நோய்க்காரணம் ஆகிய நான்கையும் ஒரே பதிவில் அமைத்தல் வேண்டும். பெயர்ப்பாளரும் மூலச்சொல்லை நிறுத்தி, செய்முறையை உடன் விளக்குதலே பொருந்தும். செடி காட்டில் நிற்கலாம். அதனைக் கையாளும் முறை சொல்லோடு சேர்ந்தே நிற்கும்.