மேலே விதை, கீழே கிழங்கு: ஒரு கொல்லையின் இரண்டு களைகள்

தமிழ்நாட்டில் சில வருடம் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த கொல்லை எதுவானாலும் அதில் பார்த்தீனியமும் கோரையும் இருக்கும் என்று பெரும்பாலும் பார்க்காமலே சொல்லிவிடலாம். கூடவே குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை எல்லாம் மண்டியிருக்கும். அவற்றை அரிவாளும் கையும் பார்த்துக்கொள்ளும். பாதியைச் சமைக்கவோ மருந்துக்கோ கேட்டு அக்கம்பக்கத்தாரே வாங்கிப்போவார்கள். முதல்முறை தோட்டம் போடுகிறவரைத் தோற்கடித்து அனுப்புபவை மேலே சொன்ன இரண்டும்தான். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது: ஒன்றை ஒழிக்கும் வேலை மற்றதை வளர்க்கும்.

பார்த்தீனியம் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 1955-ல் புனேயில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியது என்று பரவலாகச் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று சொல்லும் தாவரவியலாளர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் அதன் பலம் முழுவதும் விதையில் இருக்கிறது. ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். காற்று, ஓடும் தண்ணீர், வண்டிச் சக்கரம், தொழுவுரம் எதில் வேண்டுமானாலும் ஏறிப் பயணம் செய்யும். ஈரம் கிடைத்தால் பருவம் பார்க்காமல் முளைக்கும். முதலில் கேரட் இலை மாதிரி தரையோடு தரையாக விரிந்து கிடக்கும். பிறகு சட்டென்று நடுத்தண்டு எழும்பி, நாலு முதல் ஆறு வாரத்தில் வெள்ளைப் பூ காட்டிவிடும். தரையோடு படிந்திருக்கும் அந்த நாட்களில் பிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

ஆக, இதற்கான வைத்தியம் எளிது, ஆனால் அவசரமானது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பூ வருமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அரிவாளால் அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி மூன்றும் கட்டாயம். இதிலுள்ள பார்த்தீனின் என்ற நஞ்சு பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மகரந்தம் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும். பூக்காத செடியைத் தாராளமாக உரக்குழியில் போடலாம். பூத்துவிட்டதைச் சாக்கில் கட்டித் தனியே வைக்க வேண்டும், ஏனென்றால் பிடுங்கிய பிறகும் அதில் விதை முற்றக்கூடும். சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் யோசனை சாலையோரத்துக்குச் சரி. நாளைக்குக் கத்தரி நடப்போகும் மண்ணில் உப்பைக் கொட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

கோரைக்கு வருவோம். புல் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் மூன்று முனை தட்டுப்படும். அறுகுக்கு அப்படி இருக்காது. பத்தமடைப் பாய் நெய்யும் கோரை வேறு இனம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது முத்தக்காசு, நாட்டு மருந்துக் கடையில் வாசனைக் கிழங்காக விற்பதும் குளியல் பொடியில் அரைத்துச் சேர்ப்பதும் இதன் கிழங்கைத்தான். லீராய் ஹோமும் அவரது கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977-ல் வெளியிட்ட நூலில் முதலிடம் இதற்கே கிடைத்தது. நம் மருந்துக் கடைக்காரர் எடை போட்டு விற்கும் பொருளுக்கு உலக அரங்கில் இப்படியொரு பெயர்.

கோரையின் விதைக்கு அவ்வளவு வீரியம் இல்லை. அதன் சொத்து முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது. தரைக்குச் சற்றுக் கீழே ஒரு குமிழ், அதிலிருந்து நூல் மாதிரி ஓடும் நிலத்தடித் தண்டு, அதன் நெடுகிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்குகள். பெரும்பகுதி ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கும், சில அதற்கும் கீழே. தொடர் அறுபடாமல் இருக்கும்வரை நுனியில் முளைத்த கிழங்கு மற்றவற்றைத் தூங்கவைத்திருக்கும். மண்வெட்டி பட்டுத் தொடர் துண்டானால் அந்த அடக்குமுறை போய்விடுகிறது. ஒவ்வொரு துண்டிலும் உள்ள கிழங்கு தனித்தனியே முளை விடும். ஒரு வாரம் இடுப்பொடியக் கொத்திய பாத்தியில் அடுத்த மாதம் முன்னைவிட அடர்த்தியாகக் கோரை நிற்பதன் ரகசியம் இதுதான். வேலை சரியில்லை என்று கூலியாளைத் திட்டுவார்கள், பாவம்.

கையால் இழுத்தாலும் இலை மட்டும் அறுந்து வரும், கிழங்கு கீழே தங்கிவிடும். ஆனால் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதில் பயன் உண்டு. ஒவ்வொரு முளையும் கிழங்கின் சேமிப்பைச் செலவழித்துத்தான் மேலே வருகிறது. புது இலை வெயிலில் சமைத்து அந்தச் செலவை ஈடுகட்டிப் புதுக் கிழங்கு கட்டச் சில வாரம் பிடிக்கும். அந்தச் சில வாரத்துக்குள் மறுபடி இலையை எடுத்துவிட்டால் கிழங்கு மெலியும். பத்துக்குப் பத்தடிப் பாத்தியில் இது நடக்கிற காரியம். ஐந்து சென்ட் முழுவதும் என்றால் வேலைக்குப் போகும் மனிதரால் ஆகாது.

தொடக்கக்காரர்கள் முதல் நாளே ரோட்டவேட்டரைக் கூப்பிடுவது இந்த இரண்டையும் சேர்த்து எண்ணும்போது இன்னும் விபரீதமாகத் தெரிகிறது. அந்தச் சுழல் கத்தி கோரைத் தொடரை நறுக்கிக் கொல்லையின் நாலா மூலைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். அதே ஓட்டத்தில் பார்த்தீனிய விதைகளை ஆழத்தில் புதைக்கும். சில சென்டிமீட்டருக்குக் கீழே போன விதை முளைப்பதில்லை, செத்தும் போவதில்லை. பல வருடம் காத்திருந்து, அடுத்த முறை மண்ணைப் புரட்டும்போது மேலே வந்து முளைக்கும். அன்று மாலை நிலம் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மூடாக்கு விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். தென்னை மட்டை, காய்ந்த சருகு, வைக்கோல் எதையாவது கனமாகப் பரப்பினால் பார்த்தீனியத்தின் பொடி விதைக்கு அதைத் தாண்டி வர வலுவில்லை. கோரையின் முளை ஊசி. சருகு என்ன, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வெளியே வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விரிப்பு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அடியிலேயே வெளிச்சம் பட்டு முளை இலையாக விரிந்துவிடும், கூர்மை போய்விடும், துளைக்க முடியாது. ஈர மண்ணின் மேல் தெளிவான விரிப்பைப் போட்டு ஓரங்களை மண்ணால் மூடிக் கோடை முழுவதும் விட்டால் கீழே ஏறும் சூட்டில் மேல்மட்டக் கிழங்குகள் வெந்துபோகும். ஆழத்தில் உள்ளவை தப்பிக்கும்.

பயத்தைப் பொறுத்தவரை ஜனங்களின் கணக்கு தலைகீழ். பார்த்தீனியத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு வாரம் விழிப்புணர்வு நடத்துகிறார்கள். அதைத் தின்ன மெக்சிகோவிலிருந்து வண்டு கொண்டுவந்து 1984-ல் பெங்களூருவில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை மொட்டையடிப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கோரைக்கு இப்படியொரு வண்டு வாய்க்கவில்லை. காட்டுப்பன்றிதான் கிழங்கைத் தோண்டித் தின்னும், அதைக் கொல்லைக்கு அழைக்க முடியாது. உடம்புக்குக் கெடுதல் பார்த்தீனியம் என்பதில் சந்தேகமில்லை. தோட்டத்துக்கு எது பெரிய தடை என்று கேட்டால் நான் கோரையைச் சொல்வேன். முன்னதை இரண்டு மழைக்காலம் பூக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் வெகுவாகக் குறைந்துவிடும். பின்னதோடு சில வருடம் பேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டும் கலந்து கிடக்கும் கொல்லையில் முதல் மழைக்குப் பின் பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள். மண்ணைப் புரட்ட வேண்டாம். வெறும் தரையில் தண்ணீர் தெளித்து, அடுத்த தவணை விதைகளை முளைக்கவிட்டு அவற்றையும் மேலாகச் செதுக்கிவிடலாம். கோரையைச் சித்திரை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் விடாமல், நட இருக்கும் பாத்தி அளவுக்கு மட்டும் ஆழமாகக் கொத்தி, கட்டிகளை உடைத்து, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் போட்டால் சில நாளில் சுருங்கிச் செத்துவிடும். ஈரமான கட்டிக்குள் ஒளிந்தது சாகாது. மழை வந்ததும் அங்கே சர்க்கரைவள்ளியோ பூசணியோ தட்டைப்பயறோ அடர்த்தியாக விட்டுவிடலாம். கோரைக்கு நிழல் ஆகாது. சர்க்கரைவள்ளி என்றால் அறுவடைக்காக எப்படியும் மண்ணைத் தோண்டப்போகிறோம், மிச்சக் கோரைக் கிழங்கையும் கூடவே பொறுக்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மேடு நிரப்ப ஒரு லோடு செம்மண்ணும், நர்சரியிலிருந்து பத்துத் தொட்டிச் செடியும் வாங்கி வருவார்கள். கோரைக் கிழங்கு ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். லோடு மண்ணை ஒரு மூலையில் கொட்டித் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகு பரப்புவது நல்லது. தொட்டிச் செடியின் அடியில் மெல்லிய பச்சை இலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அதன் தண்டை உருட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.