‘ப்ரொஃபிலாஜ்’ தொடரும் வாஷே வழக்கும்

பிரான்சின் தேஎஃப்1 தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிப் பத்துப் பருவங்கள் ஓடி 2020இல் முடிந்த ‘ப்ரொஃபிலாஜ்’ தொடரில், முதற்பருவங்களின் நாயகி குளோயி சேன்-லோரான் ஒரு குற்ற உளவியலாளர். கொலை நிகழ்ந்த இடத்தில் நின்று கொலையாளியின் மனத்தை ஊகித்துக் காவலருக்கு வழிகாட்டுவது அவர் பணி. தலைப்பாகிய சொல் பிரெஞ்சுக்குப் புதிதன்று. உலோகத்துக்கு வடிவம் தருவதைக் குறிக்கும் பட்டறைச் சொல் அது. இன்றைய பொருள் அமெரிக்க ஆங்கிலத்தின் வழி வந்து சேர்ந்தது. செயலோ அப்பொருளினும் பழையது.

1897இல் பெல்லே நகரின் விசாரணை நீதிபதி எமில் ஃபூர்க்கே, தீர்வு காணாது கிடந்த இளம் இடையன் ஒருவனின் கொலை வழக்கைக் கையிலெடுத்தார். பிற மாவட்டங்களிலிருந்து ஒத்த கொலைகளின் கோப்புகளைத் தருவித்தார். காயங்களின் தன்மையை ஓர் அட்டவணையிலும், சாட்சிகள் கண்ட நாடோடியின் அடையாளங்களை இன்னோர் அட்டவணையிலும் நிரல்படுத்தினார். எல்லாம் ஒரே மனிதனைச் சுட்டின. ஃபூர்க்கே உளவியலாளர் அல்லர். அவர் கருவி காகிதமும் பொறுமையுமே. அவ்வாண்டு ஜோசஃப் வாஷே பிடிபட்டான். பதினொரு கொலைகளை ஒப்புக்கொண்டான்.

மனத்தை அறிந்தவர் அதன் பின்னரே அழைக்கப்பட்டார். அவரிடம் கேட்கப்பட்டது ‘யார் கொலையாளி?’ என்பதன்று, ‘இவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா?’ என்பது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, செயலின்போது சித்தம் கலங்கியிருந்தவனுக்குக் குற்றம் இல்லை. ஆகவே மருத்துவரின் ஒரு சொல்லில் மனநோய் விடுதியா, கில்லட்டினா என்பது தங்கியிருந்தது. வாஷேயோ முன்னரே மனநோய் விடுதியில் இருந்து, 1894இல் குணமடைந்தவன் என விடுவிக்கப்பட்டவன். லியோனின் சட்ட மருத்துவப் பேராசிரியர் அலெக்ஸாந்தர் லக்காசாஞ் உள்ளிட்ட மூவர் அவனை ஆராய்ந்து, பொறுப்பாளியே என்றனர். 1898 டிசம்பர் 31இல் பூர்-ஆன்-ப்ரெஸ் நகரில் அவன் தலை வெட்டப்பட்டது.

தொலைக்காட்சி உளவியலாளர் ஃபூர்க்கேயின் வேலையைத் தமதாக்கிக்கொண்டார். லக்காசாஞ்சின் வேலையைப் பெரும்பாலும் கைவிட்டார் என்பதே என் வாசிப்பு. கைதுடன் கதை முடிவதால், நோயாளியா குற்றவாளியா என்ற வினா விளம்பர இடைவேளையைத் தாண்டி வாழ்வதில்லை. (இவ்வழக்கைத் தழுவி 1976இல் தவெர்னியே எடுத்த ‘நீதிபதியும் கொலைகாரனும்’ திரைப்படம் அவ்வினாவிலேயே தங்கியிருந்தது.) தண்டனைக்குப் பின் வாஷேயின் மூளையை அறிஞர் பலர் ஆராய்ந்தனர். அவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றுபடவில்லை.