பனிக்காக வந்த திரவம்

1856-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ஃப் வுர்ட்ஸ் எத்திலீன் கிளைகாலை முதன்முதலில் தயாரித்தபோது, கார் என்ற ஒன்றே பிறந்திருக்கவில்லை. வெகுகாலம் அதற்குப் பெரிதாக வேலையும் இல்லை. முதல் உலகப் போரில்தான், கிளிசரினுக்கு மாற்றாக ஜெர்மனி அதை வெடிமருந்தில் சேர்த்தது.

ரேடியேட்டருக்குள் அதைக் கொண்டுவந்தது அமெரிக்கக் குளிர்காலம். இரவில் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிடும். அதைத் தடுக்கக் கலந்த ஆல்கஹாலோ, எஞ்சின் சூடேறியதும் ஆவியாகிப் போனது. கிளைகால் கொதிக்க 197 டிகிரி செல்சியஸ் வேண்டும். 1925-இல் மேற்கு வர்ஜீனியாவின் சவுத் சார்லஸ்டனில் அதற்குப் பெரிய ஆலை எழுந்தது. 1927-இல் அது ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

பிறகு விமானம் ஏறியது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் முதலில் ஓடியது தண்ணீர் கலக்காத கிளைகால். பின்னாளில் 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு கிளைகால் என்று மாறியது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டி. தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனிக் கிளைகால் மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும்.

பனியே விழாத ஊரில் இந்தக் கலவை, அதாவது கூலன்ட், எதற்கு? துருவைத் தடுக்க. கிளைகால் நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்; அதில் சேர்க்கும் தடுப்பு மருந்துகள்தான் கூலன்ட்டின் உயிர். பழைய பச்சைக் கூலன்ட்டின் சிலிக்கேட் உலோகமெங்கும் பூச்சாகப் படியும். இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டெக்ஸ்-கூல்’ மூலம் பரப்பிய கரிம அமில வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் செலவாகும்; ஐந்து ஆண்டுகள்வரை தாங்கும். ஜப்பானியர்கள் சிலிக்கேட்டை விலக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர்களோ கடின நீரில் பாஸ்பேட் படியும் என்று அதையே விலக்கினார்கள்.

ஆகவே நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரே சிவப்பு இரண்டு கம்பெனிகளில் இரண்டு வேதியியல். கையேட்டில் உள்ள தர எண் டப்பாவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். அடர்வகை என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். போர்வெல் நீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்பாகப் படிந்துவிடும்.

பழையதை வடிக்கும்போது இன்னும் கவனம் தேவை. கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.